முபீனா அனுப்பிய அப்டேட்

முபீனா குழுவில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டதே சூர்யபிரகாஷ்தான். இப்போது அதை நினைத்தாலும் அவனுக்கு வயிறு எரிந்தது.

மதுரையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து 'மரிக்கொழுந்து' என்ற கட்டற்ற இயங்குதளத்தை நடத்திவந்தார்கள். லினக்ஸை எடுத்துத் தமிழுக்குத் தோதாக அமைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. கே.கே. நகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறு காலை கூடி, டீ குடித்துக்கொண்டே அவரவர் பொறுப்பிலிருக்கும் மென்பொருள் பேக்கேஜ்களைப் பற்றிப் பேசுவார்கள். சூர்யபிரகாஷின் பொறுப்பு 'குரல்'. திரையிலிருக்கும் தமிழை வாய்விட்டு வாசிக்கும் பேக்கேஜ் அது. பார்வையில்லாதவர்கள் பலர் அதை வைத்துத்தான் கணினியில் வேலை பார்த்தார்கள். கம்பெனி வேலை முடிந்த பிறகு, கல்யாணத்துக்கு முன்பும் பின்பும், ஒற்றை ஆளாக அவன் வளர்த்தது.

முபீனா ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவள். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் தொடப் பயந்த 'ஒலி' பேக்கேஜைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எந்தச் சத்தமானாலும் அதன் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். பாட்டு, வீடியோ, சூர்யபிரகாஷின் குரல், எல்லாமே அதை நம்பித்தான் ஓடின. அவள் கைபட்ட பிறகு இரைச்சல் நின்றுபோனது. குழுவில் எதற்கெடுத்தாலும் "முபீனாட்ட கேளுங்க" என்று ஆகிவிட்டது. முன்பெல்லாம் அந்த இடத்தில் அவன் பெயர் இருந்தது. ஒரு ஞாயிறு, குரலைப் பற்றிய சந்தேகத்தையே ஒருவர் அவளைப் பார்த்துக் கேட்டார். "அது சூர்யாண்ணனுக்குத்தான் தெரியும்" என்று அவள் இவன் பக்கம் கை காட்டினாள். அவள் காட்டித் தன்னைப் பார்க்கிறார்களே என்பது அவனுக்கு இன்னும் உறுத்தியது.

ஆடி மாதம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அண்ணே, ஒலியோட புது பதிப்பு ரெடி. உள்ளுக்குள்ள நெறைய மாத்திட்டேன். உங்க குரல் இதோட ஓடுதான்னு பாத்துச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னாப் போதும்."

அன்று சாயங்காலமே ஓட்டிப் பார்த்தான். குரல் திறந்தது, எழுத்துகளின் மேல் நகர்ந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. குரலைத் திருத்தினால் ஒருவேளை இரண்டு நாள் வேலை. அதுவும் வேண்டாம் என்றால், 'பழைய ஒலியோடு மட்டும்தான் ஓடும்' என்று குரலை நிறுவுவதற்கான நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். புது ஒலி யார் கணினிக்குள்ளும் நுழையாமல் நின்றுகொள்ளும். அவன் இரண்டையும் செய்யவில்லை. தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்களே, ஒரு தடவை கீழே விழட்டும் என்று நினைத்தான். அந்த ஞாயிறு, மேலூரில் விசேஷம் என்று சொல்லிக் கூட்டத்துக்கே போகவில்லை.

பதில் வராததால் முபீனா தன் கணினியிலேயே குரலைச் சோதித்தாள். அதில் பழைய ஒலியின் மிச்சம் எங்கோ கிடந்ததால் குரல் பேசியது. சரி என்று அப்டேட்டை வெளியே விட்டாள்.

புதன்கிழமை காலை கோச்சடையிலிருந்து பாதுஷா போன் செய்தான். பிறவியிலேயே பார்வையில்லாதவன், சூர்யபிரகாஷின் கல்லூரித் தோழன். ஒரு கூரியர் கம்பெனிக்கு வாடிக்கையாளர்களின் அழைப்புகளை வீட்டிலிருந்தே கவனிப்பவன்.

"மாப்ள, பொட்டி ஊமையாயிருச்சுடா. அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. பார்சல் எங்கன்னு கேக்குறாக, நான் என்னத்தச் சொல்ல? சூப்பர்வைசர் வேற ஒரு மாதிரியாப் பேசுறாரு."

"வாரேன் இரு."

கம்பெனி மீட்டிங் ஒன்றை முடித்துவிட்டு வண்டியை எடுத்தபோது அவன் மனதில் ஒரு குதூகலம் இருந்தது. இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும். கோச்சடை போய்ச் சேரும்வரை அவன் பாதுஷாவை நினைக்கவே இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் கேட்டது. அவனுடைய குரல்தான். முபீனா கணினி முன்னால் உட்கார்ந்திருக்க, அது கணீரென்று பார்சல் எண்களை வாசித்துக்கொண்டிருந்தது.

"ஒங்க குழுவுல நம்பர் வாங்கி முபீனா தங்கச்சிக்கும் போன் போட்டேன்டா" என்றான் பாதுஷா. "காலேஜுக்கு லீவு சொல்லிட்டு ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கு."

முபீனா எழுந்தாள். "பழைய ஒலியத் திருப்பிப் போட்டிருக்கேண்ணே. மத்தவங்களுக்கும் இப்படித்தான் ஆயிருக்கும். தப்பு எம்மேலதான், உங்க பதிலுக்குக் காத்திருக்காம விட்டுட்டேன். குழுவுல எழுதிட்டேன்."

அவன் போனை எடுத்துப் பார்த்தான். அவளுடைய செய்திக்குக் கீழே வரிசையாக இதயங்கள். 'பரவாயில்ல முபீனா.' 'இம்புட்டு வெளிப்படையா ஒத்துக்கிறதுக்கே மனசு வேணும்.' அவள் விழுவாள் என்று காத்திருந்தான். விழுந்த இடத்திலும் அவளுக்குத்தான் மாலை விழுந்திருந்தது. அவனால் தாங்க முடியவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணல" என்றான். "மெசேஜ் வந்தன்னைக்கே ஓட்டிப் பாத்துட்டேன். சத்தம் வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்."

மனம் வருந்திச் சொன்ன வார்த்தைகள் அல்ல அவை. பழியைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னவை. வாயைவிட்டு வந்த பிறகுதான், யார் வீட்டில் நின்று சொல்கிறோம் என்பது உறைத்தது.

பாதுஷா உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டான்.

"சைனப்பு, டீ ரெண்டு போதும். எனக்கும் தங்கச்சிக்கும்."

சூர்யபிரகாஷ் நின்றுகொண்டே இருந்தான். முபீனாவின் முகம் சிவந்திருந்தது. அவள் தன் லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல, குரல் பழைய ஒலியோட மட்டுந்தான் ஓடும்னு ஒரு வரியச் சேத்துருங்கண்ணே. இன்னும் அப்டேட் போடாதவங்களாவது தப்பிக்கட்டும். மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

சேர்த்தான். பிறகு மதியம் தாண்டும்வரை இருவரும் உட்கார்ந்து குரலைப் புது ஒலிக்குத் தக்கபடி திருத்தினார்கள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் வேகமாக இருந்தாள். அவன் திணறிய இடங்களில் விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த விரலைப் பார்க்கவும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. வீடு திரும்பியதும் நடந்ததைக் குழுவில் எழுதினான். அதற்கு யாரும் இதயம் போடவில்லை.

அடுத்த ஞாயிறு, ஒன்றையொன்று நம்பி ஓடும் பேக்கேஜ்களுக்கு இனி இரண்டு பேர் பொறுப்பு என்று முடிவானது. குரலுக்கு இரண்டாவது ஆள் யார் என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். முபீனாவின் பெயரைத் தன் பெயருக்குக் கீழே அவனே தட்டினான்.

பாதுஷாவின் வேலை தப்பியது. ஆனால் சந்தேகம் வந்தால் இப்போது அவன் முபீனாவைத்தான் கூப்பிடுகிறான்.

ஐப்பசியில், குரல் முற்றுப்புள்ளிகளில் மூச்சுவிடுவதுபோல் நிறுத்தி வாசிக்க முபீனா ஒரு மாற்றம் எழுதி, பார்க்கச் சொல்லி அவனுக்கு அனுப்பினாள். ஓட்டிக் கேட்டான். அவனுக்கு இத்தனை வருஷமாகத் தோன்றாதது. வயிறு பழையபடி எரிந்தது. கேட்டு முடித்த கையோடு, "நல்லாருக்கு, விட்ரலாம்" என்று எழுதினான்.