ஹாலைக் கடந்த கம்பி

"கம்பி உள்ள வரலாம். ஆளு வரக்கூடாது" என்று ஸ்தனிஸ்லாஸ் தீர்ப்புச் சொன்னபோது, அடைத்துக்கொண்ட பாத்ரூமின் தண்ணீர் படியைத் தாண்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

மகள் வினோலியாவைப் பெண் பார்க்கக் கொடைரோட்டிலிருந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. இதுவும் போய்விடக் கூடாதே என்று மனைவி ஆனந்தமேரி பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருப்பதோ ஒரே பாத்ரூம்.

அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங் கம்பியைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றார் பவுல்ராஜ். சாக்கடை வேலைக்காரர் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பது தெரு வழக்கம். இந்த வீட்டில் பின்வாசல் இல்லை. அது இருக்கும்வரை தலைமையாசிரியர் பதவி கிட்டாது என்று ஒரு வாஸ்துக்காரர் சொல்லப்போக, பங்குச் சாமியாருக்குத் தெரியாமல் ஸ்தனிஸ்லாஸ் செங்கல் வைத்து அடைத்திருந்தார். பதவி வந்தது. வழி போனது.

"ஏங்க, ஞாயித்துக்கிழம பூசையில பக்கத்துல நின்ன இவருக்குத்தான சமாதானம்னு சொல்லிக் கும்பிட்டீக?" என்றாள் ஆனந்தமேரி.

"அது கோயிலு. இது வீடு" என்றார், சமத்துவம் பற்றிப் பேசியே மூன்று சால்வை வாங்கியவர்.

ஆக, கம்பியைச் சுற்றும் கைப்பிடி தெருவில், அதன் மறுமுனை வீட்டுக்குள். அதை யார் பிடிப்பது? ஆனந்தமேரி பஜ்ஜி மாவுக் கையைக் காட்டினாள். மகள் பட்டுச்சேலையில் இருந்தாள். வேறு வழியில்லாமல் ஸ்தனிஸ்லாஸ் வெள்ளை ஜிப்பாவின் கையை மடித்துவிட்டு உள்ளே போனார். திண்டுக்கல்லின் பாதிக் கக்கூஸைப் பார்த்துவிட்டு வந்த கம்பி, திருஇருதயப் படத்துக்குக் கீழே, புது ஜமுக்காளத்தின் மேல் சொகுசாகப் போனது. அதனிடம் யாரும் சாதி கேட்கவில்லை.

"சுத்தவா சார்?"

"சுத்துலே!"

கம்பி குழாய்க்குள் சுற்றுவதற்குப் பதிலாக ஹாலில் துள்ளியது. பூச்சாடியைத் தள்ளியது, நாற்காலிக் காலைக் கட்டி இழுத்தது.

"நல்லா அழுத்திப் புடிங்க சார்! இல்லன்னா ஹாலுலதேன் அடைப்பெடுக்கும்!"

ஸ்தனிஸ்லாஸ் இரண்டு கையாலும் அழுத்தினார். குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. பல வருஷத்து முடியும் கறுப்புச் சேறுமாக ஜிப்பாவில் ஏறியது. தண்ணீர் கொடகொடவென்று இறங்கிவிட்டது.

தெருமுனையில் வேன் சத்தம். ஆனந்தமேரி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பாத்ரூம் கதவை வெளியே தாழிட்டாள். ஜமுக்காளத்தைச் சுருட்டினாள். பவுல்ராஜ் கம்பியை இழுத்துச் சைக்கிளில் மாட்டினார்.

"பவுலண்ணே, கையக் கழுவிட்டு உள்ள வந்து உக்காருங்க."

"வேணாம்மா, சாரு வைவாரு."

"வர்றவுகள வாங்கன்னு சொல்ல ஒரு ஆம்பள வேணாமா? வாங்கண்ணே."

வந்தவர்கள் பவுல்ராஜுக்குக் கைகொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா இருதயநாதன் சுற்றிலும் பார்த்தார். "ஹெட்மாஸ்டரு எங்க?"

"ஒரு வேலையில மாட்டிக்கிட்டாக" என்றாள் ஆனந்தமேரி.

உள்ளே கதவு தடதடத்தது. "யாராச்சும் தொறங்க! நான் வெளிய வாரேன்!"

"யாரும்மா அது?"

"சாக்கடை அடைப்பு எடுத்தவுக. மேலெல்லாம் ஆயிருச்சு. இந்த ஹால் வழியாத்தேன் வரணும். வரச் சொல்லவா?"

"நாங்க உக்காந்திருக்கையிலயா? நல்லாருக்கே! உள்ள விட்டதே தப்பு. எங்க வீட்ல பின்வாசலோட சரி. நாங்க போன பெறகு வரட்டும்."

கதவுத் தட்டல் நின்றுவிட்டது.

வினோலியா பஜ்ஜித் தட்டை முதலில் பவுல்ராஜிடம் நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பாத்ரூம் கதவைப் பார்த்தார்.

"உள்ள இருக்கவுகளுக்கும் ரெண்டு குடுங்கம்மா. பாவம்."

"தாராளமாக் குடுங்க" என்றார் இருதயநாதன், பெரிய மனசோடு. "தட்டுல வேணாம். எலையில வச்சு, கதவுக்கு அடியில தள்ளி விட்ருங்க."

ஆனந்தமேரி அப்படியே செய்தாள்.