பானியோ கட்டிய பந்தயம்

"ஜாரோ வட்டாரத்தின் மதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, துக்கத்தில் பங்கெடுக்க வந்திருக்கும் உற்றார் உறவினர்களே! இத்தால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று புதன்கிழமை காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்தில், காலஞ்சென்ற எபிஃபானியோ அவர்களின் மடிக்கணினியானது எண்பத்தொன்பது சதவீதத்தை அடைந்துள்ளது."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. சவப்பெட்டி இருக்கும் இடத்தில் கைதட்டலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டுப்பெட்டியின் மைக்கைப் பிடித்து அறிவித்தவர் இறந்தவரின் மைத்துனர், இன்ஜினியர் அனிசெட்டோ. மற்றவர்கள் படித்தால் எண் தப்பாகிவிடும் என்று நான்கு நாளாக இந்தப் பொறுப்பை அவரே சுமந்துகொண்டிருந்தார். மைக்கைக் கீழே வைக்கும் முன் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: "இனிமேல் இது நகராது என்பது என் தொழில்முறைக் கருத்து." முப்பத்தெட்டிலும் இதையே சொன்னார், அறுபத்திரண்டிலும் இதையே சொன்னார்.

நெனிடா காப்பிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். காலடியில் வேர்க்கடலைத் தோல் நொறுங்கியது. வீட்டில் பிணம் இருக்கும்வரை துடைப்பத்தைத் தொடக் கூடாது. புருஷன் போன துக்கத்தைவிட இந்தக் குப்பைதான் அவளை அதிகம் படுத்தியது என்று சொன்னால் ஊர் நம்பாது. ஊருக்கு அவள் அதைச் சொல்லவுமில்லை.

"பிதோய், வழியில நிக்காத. கோப்பை வைக்கணும்" என்றாள்.

"மானாங், நாலு பேர் முன்னாடி இன்ஜினியர்னு சொல்லு."

"இன்னைக்கு மதியம் வரைக்கும் சொல்றேன்."

மானாங் என்று தான் கூப்பிடும் கூடப்பிறந்த அக்காவைக்கூட அந்தப் பட்டத்தைச் சொல்ல வைத்தவர் அனிசெட்டோ. எதிர்வீட்டுக் கேட்டில் அது பித்தளையில் தனித்தகடாக மின்னும். ஜீப்பின் பின்கண்ணாடியில் உண்டு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவர் நிறுத்தியிருந்த மலர்வளையத்தின் பட்டையில் 'இன்ஜினியர்' என்ற சொல்லே இரண்டு முழம் ஓடியதால், எபிஃபானியோவின் பெயர் மடிப்புக்குள் போய்விட்டது. அவர் படித்தது கட்டடப் பொறியியல். நகராட்சியில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்வையிட்டு முத்திரை குத்துவது வேலை. ஆனாலும் பட்டம் பட்டம்தான்; தொட்டி முதல் கணினிவரை எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல அது போதும்.

எபிஃபானியோவுக்கு அப்படி எந்தப் பட்டமும் இல்லை. சந்தைக் கட்டட மாடியில் எட்டடிக்கு ஆறடிக் கடையில் முப்பது வருஷமாகக் கணினி பழுது பார்த்தான். ஊருக்கு வெறும் பானியோ. மைத்துனருக்கும் அவனுக்கும் பந்தயம் மூண்டது போன சனிக்கிழமை. கணினி இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்திருந்தது. பழைய மடிக்கணினிகளில் அது ஓடாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதுதான் என்று அனிசெட்டோ சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு வழங்கினார்.

"என்னோடது பதினோரு வருஷம் பழசு. அதுல ஓட்டிக் காட்டுறேன்" என்றான் பானியோ.

"ஓடாது, மானோங். ஓடுற மாதிரி காட்டும். கடைசியில கால வாரிடும்" என்றார் அனிசெட்டோ, அண்ணன் என்ற மரியாதை குறையாமல்.

"ஓடுச்சுன்னா?"

"ஓடுச்சுன்னா என் கேட்டுல இருக்குற இன்ஜினியர் தகட்டக் கழட்டிடறேன். ஒரு வருஷத்துக்கு எல்லாரும் என்னப் பிதோய்னே கூப்பிடலாம். ஓடலன்னா, உங்க கடை வாசல்ல 'இங்கே இன்ஜினியர் அனிசெட்டோவின் ஆலோசனைப்படி பழுது பார்க்கப்படும்'னு போர்டு வைக்கணும்."

இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். அனிசெட்டோ தன் பிரதியில் நகராட்சி முத்திரையையும் குத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து பானியோ அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். பழைய வட்டு கிர்ரென்று சுற்ற, காற்றாடி ஆஸ்துமாக்காரன் மாதிரி இரைந்தது. திரை இருண்டு சதவீதக் கணக்குக்கு மாறும்வரை அதில் இருந்தது நெனிடாவின் படம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் கொட்டாவி விடும்போது எடுத்தது. மாற்றித் தொலை என்று அவள் கேட்காத மாதம் கிடையாது. புதுப் பதிப்பு வந்தால் படமும் போய்விடும் என்று அவன் சத்தியம் செய்திருந்தான். பந்தயத்தில் அவளுக்கிருந்த அக்கறை அதுவரை அவ்வளவுதான்.

"முப்பத்தேழு ஆயிடுச்சு, நெனி. காப்பி போடு" என்றான்.

அவள் காப்பியோடு வரும்போது அவன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். முகத்தில் ஜெயிக்கப் போகிறவனின் சிரிப்பு பாதி இருந்தது. இதயம் என்றார் மருத்துவர். வலித்திருக்காது என்றும் சொன்னார். முகத்தைப் பார்த்தபோது அதை நம்ப முடிந்தது.

அன்று மாலையே அனிசெட்டோ அழுதுகொண்டே வந்தார். அழுது முடித்ததும் கணினியை அணைக்கப் போனார். நெனிடா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"மானாங், ஒப்பந்தத்துல ஒரு தரப்பு காலமாயிட்டா ஒப்பந்தம் தானா ரத்து."

"எந்தச் சட்டத்துல?"

"பொதுவா."

"பொதுவாவே அது ஓடட்டும். அவர் தோத்துட்டுப் போகக் கூடாது, பிதோய். ஜெயிச்சாரா இல்லையான்னு பெட்டி வாசலத் தாண்டுறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

வீட்டுக் கூடத்தில் நம்பத்தக்க பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. சவ ஊர்தி நிறுவனத்தின் ஆள் ரொடெல், பெட்டிக்கு இருபுறமும் நிறுத்தும் குஞ்சம் வைத்த விளக்குகளோடு வந்தபோது, அதில் பாதி இடத்தைக் கணினி பிடித்திருந்தது.

"ரெண்டு விளக்கும் சேர்த்துதான் பேக்கேஜு, மேடம். ஒண்ணு எரியாட்டி எங்க கம்பெனிக்குக் கெட்ட பேரு."

"அவருக்கு எடது பக்கம்தான் அழகு. அந்தப் பக்கம் மட்டும் போடு."

அதனால் நான்கு நாளாகப் பானியோ பாதி வெளிச்சத்திலும் பாதி இருட்டிலுமாகப் படுத்திருந்தான். பிணத்தைத் தனியாக விடக் கூடாதென்று முறை வைத்து விழித்தவர்கள் கணினிக்கும் சேர்த்து விழித்தார்கள். சீட்டாட்டக்காரர்கள் சீட்டை மறந்து சதவீதத்தின்மேல் காசு கட்டினார்கள். வராத சொந்தமெல்லாம் வந்தது. சந்தை மாடிக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்து, தங்கள் கணினிகளை அவன் எப்படித் திட்டிக்கொண்டே சரிசெய்தான் என்று நடித்துக் காட்டினார்கள். நெனிடா இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வந்தவர்களுக்கு நன்றி சொல்லக் கூடாதென்பது முறை. சிரிக்கக் கூடாதென்று எந்த முறையிலும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூற்று நான்கு. ஒரு மணிக்குத் தொண்ணூற்றெட்டு. அதை அறிவித்தபோது அனிசெட்டோவின் குரலில் பழைய கம்பீரம் இல்லை. தொழில்முறைக் கருத்தையும் அவர் சொல்லவில்லை.

ஒன்றரைக்கு ரொடெலின் ஆட்கள் பெட்டியைத் தூக்கக் கை வைத்தார்கள். கோயிலில் பாதிரியார் காத்திருக்கிறார் என்று தகவல் வந்தது.

"நில்லுங்க!" என்றாள் தியா பசிலியா. பானியோவின் அத்தை, எண்பத்திரண்டு வயது, முறை தவறினால் பிணத்தையே எழுப்பிக் கேட்பவள். "வீட்டுக் குழந்தையப் பெட்டிக்கு மேல தாண்டிக் கொடுக்காம வெளிய எடுக்கக் கூடாது. அப்புறம் அவன் குழந்தையத் தேடிக்கிட்டு ராத்திரியில வருவான்."

"இவங்களுக்குக் குழந்தை ஏது, தியா?" என்றார் அனிசெட்டோ.

தியா பசிலியா மேஜையைக் காட்டினாள். "அது என்னதாம்? அத மடியில வெச்சுக்கிட்டுத்தானே பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணான்? அதத் தாண்டிக் கொடுக்கலன்னா நிச்சயமா வருவான். வந்து நோண்டிக்கிட்டே இருப்பான்."

கூடம் யோசித்தது. பிறகு மேஜைக்கும் பெட்டிக்கும் நடுவே வழி விட்டு ஒதுங்கியது.

மின்கம்பி பெட்டிவரை எட்டவில்லை. பிடுங்கினால் மின்கலம் தாங்குவது பதினோரு நிமிடம் என்று பானியோ எப்போதோ சொன்னது நெனிடாவுக்கு நினைவிருந்தது. அவள் கம்பியைப் பிடுங்கினாள். இரண்டு கைகளிலும் ஏந்தினாள், சூடாக இருந்தது. பெட்டிக்கு மேலாக நீட்டினாள். மறுபக்கம் வாங்கிக்கொள்ள நின்றது அனிசெட்டோ.

அவர் கைக்குப் போன மறுநொடி திரை அணைந்தது.

காற்றாடியும் நின்றது. நான்கு நாளில் முதல் தடவையாக வீடு நிசப்தமானது.

"ஐயோ" என்றார் அனிசெட்டோ. "நான் ஒண்ணும் பண்ணல. மானாங், சத்தியமா எந்த பட்டனையும் தொடல." எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பாதி வெளிச்சத்தில் பானியோவும் பார்ப்பது போலத்தான் இருந்தது. அனிசெட்டோ பெட்டியை நோக்கிக் குனிந்தார். "மானோங், என் கையில வந்து சாக விட்டுடாதீங்க. நான் சொன்னது தப்பு. கேட்டீங்களா? தப்பு. எனக்குக் கம்ப்யூட்டரப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. எரியச் சொல்லுங்க, மானோங்."

காற்றாடி இரைந்தது. திரையில் நீல வட்டம் ஒன்று சுழன்று, பிறகு பெரிய எழுத்தில் ஒரு வணக்கம் வந்தது.

அடுத்து எழுந்த சத்தத்தைக் கேட்டுத் தெருவில் காத்திருந்த பேண்டு வாத்தியக்காரர்கள் பெட்டி வந்துவிட்டதென்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். சீட்டாட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அனிசெட்டோ மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நெனிடா அதை வாங்கி, மூடி, மேஜையில் வைத்துக் கம்பியைச் செருகினாள். கண்ணாடியைத் துடைப்பதுபோலச் சவப்பெட்டியின் மூடியை ஒரு தடவை துடைத்தாள்.

"இப்பத் தூக்குங்க" என்றாள்.

அடக்கம் நன்றாக நடந்தது. திரும்பும் வழியில் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. இறந்தவர் கூடவே வந்துவிடுவார். அதனால் எல்லோரும் லா பாஸ் சந்தையில் நூடுல்ஸ் கடைக்குள் புகுந்தார்கள்.

"பிதோய், அந்த மிளகுப்பொடிய எடு" என்றாள் தியா பசிலியா.

கடையே திரும்பிப் பார்த்தது. அனிசெட்டோ எடுத்துக் கொடுத்தார்.

"பிதோய், எனக்கும்" என்றான் ரொடெல். சவ ஊர்திக்காரன்வரை இறங்கிவிட்டதைக் கண்டு அவர் ஒரு கணம் விறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டார். பட்டம் இல்லாத வயிற்றில் இடம் நிறைய இருந்தது.

நெனிடா வீடு வந்தபோது மணி ஐந்து. முதல் வேலையாகத் துடைப்பத்தை எடுத்தாள். நான்கு நாள் குப்பையை மூலை மூலையாகத் திரட்டி வாசலுக்குத் தள்ளியபோது, எதிர்வீட்டில் அனிசெட்டோ சட்டையைக் கழற்றிவிட்டுத் திருப்புளியோடு கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். பித்தளைத் தகட்டில் நான்கு திருகாணி, மூன்று வந்துவிட்டன.

அவள் உள்ளே போய் மேஜையின்முன் உட்கார்ந்தாள். மடிக்கணினியின் மூடியைத் திறந்தாள்.

நிறுவ முடியவில்லை என்றது ஒரு சின்னக் கட்டம். மாற்றங்கள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. உங்கள் பழைய பதிப்பு பத்திரமாக இருக்கிறது. அவள் அந்தக் கட்டத்தை மூடினாள். பின்னால், திரை முழுக்க, கொட்டாவி விட்டுக்கொண்டு அவளே இருந்தாள்.

"மானாங்!" தெருவைத் தாண்டிக் குரல் வந்தது. "புதுசு எப்படி ஓடுது?"

"ஓடுது."

"வேகமாவா?"

"உன்ன விட வேகமா. நீ அந்த நாலாவது ஆணியப் பாரு."

திருப்புளி மறுபடியும் கிறீச்சிட்டது. தகடு கீழே விழும் சத்தம் கேட்டது. நெனிடா ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக் கோப்பையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தாள்.

இன்ஜினியர் சொன்னதுதான் சரி.