மூன்றாவது பொத்தான்

தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்பதை, தையல் மெஷினை மிதித்தபடியே சொல்லிவிடுவாள் ஊசியக்கா. ஊர்க்கதையை எல்லாம் துருவித் துருவிக் கேட்கிறவள், போர்முனையில் இருக்கும் தன் மகனின் சட்டையைச் சிற்பி வந்து கேட்டபோது மட்டும் மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பெருமை கண்ணை மறைத்தது, வேறென்ன?

நகராட்சி போர் நினைவுச் சிலை கேட்டிருந்தது. நிமிர்ந்து நிற்கும் வீரன், கையில் துப்பாக்கி. "சட்டையைப் பிளாஸ்டர்ல முக்கிப் போட்டா மடிப்பெல்லாம் அப்படியே இறுகிடும், தங்கச்சி" என்றிருந்தார் சிற்பி. மகன் முச்சந்தியில் நிற்கப் போகிறான் என்று பத்து நாள் பேசிப் பேசியே தெருவைக் கொன்றாள். மகனிடமிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை என்பதை மட்டும் பேசவில்லை.

சலவைக்கடைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நான் எட்டிப் பார்த்தேன். சிலை எங்க நிக்குது? சுருண்டுல்ல கிடக்கு!"

ஊசியக்கா செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

சிற்பியின் கொட்டகையில் அது ஒருக்களித்துக் கிடந்தது. முழங்கால் மடங்கி, முகத்தில் ஈரச் சாக்கு. உடம்பில் வெள்ளையாக இறுகிய சட்டை. அதில் மூன்றாவது பொத்தான் மட்டும் பெரிது. பொத்தான் போதாமல் பழைய கோட்டிலிருந்து பிய்த்து அவளே தைத்தது. ஆயிரம் சட்டைக்கு நடுவிலும் கண்டுபிடிப்பாள்.

"உயிரோட இருக்கிறவன் சட்டையைப் பிணத்துக்கு மாட்டியிருக்கீங்களே அண்ணே, நீங்க நல்லா இருப்பீங்களா?"

"தங்கச்சி, அது..." என்று அவர் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் கிடந்த சுத்தியல் அவள் கையால் இறங்கிவிட்டது. நாலு அடி. பிளாஸ்டரோடு துணியும் கிழிந்து காலர் அவள் கையோடு வந்தது.

சிற்பி அலமாரியைத் திறந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே நீலக் கோடு போட்ட சட்டை, மடிப்புக் கலையாமல். மூன்றாவது பொத்தான் பெரிது.

"ரெண்டு பசங்களுக்கும் ஒரே துணியில நீதானேம்மா தச்சே? உன் பையனோடதை முக்க எனக்குக் கை வரல. நீ உடைச்சது என் பையனோடது."

ரெண்டு சட்டை. ரெண்டிலும் ஒரு பொத்தான் குறை. ஊரார் கதையெல்லாம் நினைவிருந்தவளுக்குச் சொந்தக் கைவேலை மறந்துபோயிருந்தது.

"அவனோடது வேற சட்டை இருக்குமே..."

"அது ஒண்ணுதான் இருந்துச்சு."

கோடையில் சாவுச் செய்தியோடு வந்த ராணுவ ஜீப் அவர் வாசலில்தான் நின்றது. அன்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தது. முதல் ஜன்னல் ஊசியக்காவுடையது.

"நிக்க வைக்கத்தானே சொன்னாங்க?" என்றாள் ஊசியக்கா.

"நிக்கிறவனுக்கு எவன் சட்டையும் போதும். நான் போய்ப் பார்த்தப்போ என் பையன் இப்படித்தான் கிடந்தான்."

அவள் பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள்.

"வேற தச்சுத் தர்றேன்."

சிலையின் அருகே மண்டியிட்டாள். தோள் பதினேழரை. கை இருபத்து நாலு. மார்பு முப்பத்தாறு. டேப்பைப் பார்க்காமலே சொல்லக்கூடிய அளவுகள். அவள் வீட்டில் அவள் மகனோடு வளர்ந்த அளவுகள்.

தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம். சலவைக்கடையின் ஷட்டர் படபடவென்று இறங்கியது. அடுத்து ஒரு கதவு, அதற்கடுத்து இன்னொன்று. வண்டி மெதுவாக வந்தது, வீட்டு எண்களைப் படித்துக்கொண்டு வருவதுபோல.

சிற்பி வாசல் பக்கம் திரும்பினார். "தங்கச்சி..."

"பேசாதீங்கண்ணே" என்றாள் அவள், தலை நிமிராமல். "அளவு மறந்துடும்."