தண்ணீருக்குள் கேட்ட கேள்வி

வெர்னா அன்றைக்குத் தண்ணீரில் இறங்கப்போவது அது மூன்றாவது முறை. ஃப்ளோரிடாவின் ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஊற்றுத் தண்ணீரின் குளிர் மாறுவதில்லை. காலையிலிருந்து ஊறி ஊறி அது எலும்புவரை இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் கர்ட்டிஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கர்ட்டிஸும் அவன் காதலி ஷெல்பியும் போன மாதம்தான் அவளிடம் டைவிங் கற்றவர்கள். ஷெல்பியைத் தண்ணீருக்கடியில் வைத்துக் கல்யாணத்துக்குக் கேட்க வேண்டும், வெர்னா அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று அவன் ஒரு வாரமாக நச்சரித்திருந்தான்.

"அசந்துபோயிருவா மேடம்."

"நான் இப்பவே அசந்துதான் கெடக்கேன்" என்றாள் வெர்னா.

மூவரும் இறங்கினார்கள். தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவு. தலைக்கு மேலே ரப்பர் டியூப்களில் மிதப்பவர்களின் கால்கள் ஆடின. அடியில் ஊற்றுக்கண் மணலைக் கொதிக்கிற கஞ்சிபோலப் புரட்டிக்கொண்டிருந்தது. கர்ட்டிஸ் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, எழுது பலகையை நீட்டினான். 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?'

ஷெல்பி படித்தாள். அவளுடைய காற்றுக்குமிழிகள் ஒரு கணம் நின்று, பிறகு கொத்தாகக் கிளம்பின. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

கர்ட்டிஸ் அவளைக் கட்டிக்கொண்டான். அவன் தோளுக்கு மேலாக ஷெல்பி வெர்னாவைப் பார்த்து மறுபடியும் கட்டைவிரலைக் காட்டினாள், இந்தத் தடவை அழுத்தமாக.

தண்ணீருக்குள் சரி என்று சொல்ல விரலை வட்டமாக்கிக் காட்டுவார்கள். கட்டைவிரல் உயர்ந்தால் மேலே போகணும் என்று அர்த்தம். முதல் வகுப்பிலேயே வெர்னா சொல்லித்தருவது அது. கர்ட்டிஸ் சந்தோஷத்தில் மறந்திருந்தான். வெர்னா கேமராவை நிறுத்தி, ஷெல்பியின் கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டிப்போனாள்.

"சரின்னுட்டா" என்று கர்ட்டிஸ் கத்த, டியூப்காரர்கள் கைதட்டினார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்து ஷெல்பி முகக்கண்ணாடியைக் கழற்றினாள். "நான் மேல போலாம்னுதான் சொன்னேன், கர்ட்டிஸ்."

"அதான் வந்தாச்சே. இப்பச் சொல்லு."

"பேசவே முடியாத எடத்துல வச்சு எதுக்குக் கேட்ட? போன வாரம் நான் பேச வந்தப்ப, மேட்ச் முடியட்டும்ன. தனியா இருக்கலாம்னு பாக்குறேன்னு சொல்லத்தான் வந்தேன்."

அவன் வெர்னாவைப் பார்த்தான். "மேடம், நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு நிக்கவே தெம்பில்ல தம்பி. அவ பேசுறதக் கேளு."

கர்ட்டிஸ் மூன்று பேருடைய சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் வண்டிகளில் ஏற்றினான்.

"அந்த வீடியோவ அழிச்சிருங்க மேடம்" என்றான். அவன் கண்ணெதிரிலேயே அழித்தாள்.

அவனுடைய வண்டி போனபின் ஷெல்பி கேட்டாள்: "என்னைய எங்க அக்கா வீட்டுல விட்டுர்றீங்களா?"

வெர்னாவின் வீடு எதிர்த்திசையில் இருந்தது. "ஏறு" என்றாள்.

வழியெல்லாம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருவரும் நடுங்கினார்கள். அக்கா வீட்டு வாசலில் ஷெல்பி இறங்கத் தயங்கினாள். "பாவம், எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்திட்டேன்ல?"

"நீ சரியாத்தான் காட்டுன. போய்ச் சூடா எதாவது குடி."

கதவு சாத்தியபிறகும் வெர்னா வண்டியைக் கிளப்பவில்லை. இருக்கையைச் சாய்த்து, ஈரத் தலையோடு கண்ணை மூடிக்கொண்டாள்.