முத்தழகுக்கு வந்த அகவிலைப்படி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சித்திரை மாதம், காலை பத்து மணி. காரைக்குடி செக்காலையில் என் மாடி அறையில் ஒரு பள்ளிக் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் பிழைப்பு. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏ முத்தழகு, டிவியில பாத்தியாடி? மூணு பர்சென்ட் போட்டுட்டாக. எனக்கு நானூத்தி இருவத்தாறு வருது. உனக்கு நானூத்தி முப்பத்தெட்டு. எப்பவும் போல என்னைய விடக் கூடத்தான்."

நான் முத்தழகு இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்றேன்.

2

இதைவிட மரியாதையான தொடக்கம் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

'விலைவாசி உயர்வை ஈடுகட்டும் வகையில் ஓய்வூதியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை வழங்கப்படும் அகவிலைப்படி உயர்வானது…'

அதற்கு மேல் ஓடவில்லை. செய்தித்தாளில் எத்தனை லட்சம் பேர் பயன்பெறுவார்கள் என்று போட்டிருந்தது. அந்தச் செய்தியை அவர்கள் யாரிடம் முதலில் சொன்னார்கள் என்று போடவில்லை.

(ஏன் "ம்" என்றேன்? என்னிடம் யாரும் பேசி மூன்று நாள் ஆகியிருந்தது. இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

3

ஆறு நிமிடம் பேசினார். பேர் அழகி. கிராமம் கிராமமாகப் போய்த் தடுப்பூசி போட்ட அரசு செவிலியர், ஓய்வுபெற்றுப் பதினாறு வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முத்தழகு சிங்கம்புணரியில் இருக்கும் தோழி, அதே வேலை, ஒரு வருடம் மூத்தவர். உயர்வு அறிவிக்கும்போதெல்லாம் நிலுவைப் பணம் வருகிற சாக்கில் இருவரும் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுப் பிரிவார்கள். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னதல்ல, முத்தழகுக்கு ஞாபகப்படுத்தியது.

"போன தடவைதான் விட்டுப்போச்சு. செவ்வாக்கெழம வந்துரு. என்னடி சத்தத்தையே காணோம், தொண்டை கட்டிருச்சா?"

"ம்."

"சரி, வெந்நி குடி."

வைத்துவிட்டார். திரும்ப அழைத்து உண்மையைச் சொல்ல நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் நான்…

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

4

செவ்வாய்க்கிழமை போனேன். அடையாளம் காண்பது சிரமமாக இல்லை. சிங்கம்புணரி பஸ் ஒவ்வொன்றும் வந்தபோது ஒரு வயதான அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து படிக்கட்டருகே போய், இறங்குகிற முகங்களைக் கடைசி ஆள் வரை பார்த்தார். பிறகு பெஞ்சுக்கே திரும்பினார்.

மூன்று பஸ் வந்து போகும் வரை நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் மனசுக்குள் கதை எழுதிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

5

"அம்மா, நீங்க அழகிதானே?"

"ஆமா. நீங்க யாரு தாயி?"

"நீங்க பேசுன நம்பர் இப்ப என்கிட்ட இருக்கு. அன்னைக்கு முத்தழகு மாதிரி 'ம்' சொன்னது நான்தான்."

(முதல் பிரதியில் அவரை ஒரு பத்தி முழுக்கத் திட்ட வைத்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. உண்மையில் அவர் திட்டவில்லை.)

"எப்பயிருந்து வச்சிருக்கீக?"

"கார்த்திகையில வாங்குனேன். ரொம்ப நாளா யாரும் பேசாத நம்பரைத் திரும்ப விப்பாங்களாம்."

"ஐப்பசியில அடிச்சேன். சுவிட்ச் ஆப்புன்னு வந்துச்சு. மக வீட்டுக்குப் போயிருப்பான்னு இருந்துட்டேன்." விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "அப்ப அவளுக்கு இந்த மூணு பர்சென்ட் வராதா?"

"நம்பரை மாத்தியிருக்கலாம்மா."

"மாத்துனா என்கிட்டச் சொல்லிருப்பா."

6

சிங்கம்புணரிக்குத் திரும்பும் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அழகி அதில் ஏறினார். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க எதுக்கு? உங்களுக்கு அவளத் தெரியாதுல்ல." பிறகு ஜன்னல் வழியாக, "மெஸ்ஸுல ரெண்டு சாப்பாட்டுக்குச் சொல்லிவச்சிருக்கேன். என் பேரைச் சொல்லிச் சாப்புடுங்க. வீணாப்போயிரும்" என்றார்.

போனேன். பேரைச் சொன்னதும் எதிரெதிரே இரண்டு இலை போட்டுவிட்டார்கள். "இன்னொருத்தவக எங்கம்மா?" என்று கேட்டார் பரிமாறுபவர். வரவில்லை என்றேன். எடுத்துவிடுவதா என்று தயங்கி, அவர் அப்படியே விட்டுவிட்டுப் போனார். காலி இலைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

7

அன்று பிற்பகல் ஒரு முடிவு எழுதினேன். [சிங்கம்புணரியில் கதவு திறக்கிறது. முத்தழகு ஈரக்கையைத் துடைத்தபடி வருகிறார். "போன் தண்ணிக்குள்ள விழுந்துருச்சுடி, உன் நம்பரும் அதோட போச்சு. அது கெடக்கட்டும், எத்தனை பர்சென்ட் போட்டாக?" என்கிறார்.] எழுதும்போது எனக்கே நம்பிக்கை வந்தது.

சாயங்காலம் அழகி கூப்பிட்டார்.

"ஆடியிலேயே போயிட்டாளாம். அவ மகனுக்கு நான் யாருன்னே தெரியல. உங்கம்மாவோட வருசத்துக்கு ரெண்டு தடவ சாப்பிடுறவன்னு சொன்னேன். அப்புடியான்னு கேட்டான்."

பஸ் இரைச்சலுக்கு நடுவே கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார்.

"தாயி, இந்த நம்பர மாத்திப்புடாதீக."

வைத்துவிட்டார். என் பெயரை அவர் கேட்கவில்லை.

8

கதை இங்கே முடிந்ததா, தெரியவில்லை. அடுத்த உயர்வுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அன்றைக்கு அவர் அழைப்பாரா, அழைத்தால் யாரோடு பேசுவார் என்பதை நான் எழுத முடியாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பகர அடைப்புக்குறிக்குள் இருக்கும் முடிவும் வேண்டுமானால் உங்களுக்கே. எனக்கு அது உதவவில்லை.

நான் தெருமுனைக் கடைக்குப் போனேன். மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறவள், ஒரு வருடத்துக்குப் போடச் சொன்னேன்.