சின்னவளின் நடை

களத்து மேட்டில் குழந்தை அபிதா ஓடி வந்ததைப் பார்த்ததும் வெண்ணிலாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒவ்வோர் அடிக்கும் அவள் முழங்காலை உயரத் தூக்கினாள். பாதம் தொய்ந்து தரையில் சப்பென்று விழுந்தது. அபிதாவின் அண்ணன் குணாவும் நடக்கத் தொடங்கியபோது இப்படித்தான் நடந்தான். இப்போது அவனால் பள்ளிக்கூடப் படி ஏற முடிவதில்லை.

வெண்ணிலா சென்னையில் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறாள். நரம்பைப் போர்த்தியிருக்கும் உறைக்கான ஒரு புரதத்தின் மரபணு பழுதானால் எலிக்கும் கால் தளரும். அந்த மரபணு எலிக்குப் பதினோராம் குரோமோசோமில் இருக்கிறது. மனிதருக்கு அதற்கு ஈடான பகுதி பதினேழாவதில். குணாவின் பழுது அந்த நீண்ட பகுதிக்குள் எங்கோ இருந்தது. இடத்தைக் குறுக்க, அதே வீட்டில் அதே நோயுள்ள இன்னொரு பிள்ளை வேண்டும். அது இல்லாமல் வேலை நின்று கிடந்தது.

குழந்தையின் தாய் பாக்யலட்சுமி வெண்ணிலாவின் சித்தப்பா மகள். தாய்மாமன் அரிகரனைத்தான் கட்டியிருந்தாள். அந்த வீட்டில் வழிவழியாக அப்படித்தான். ஒரே பழுது தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் வந்து பிள்ளைகளிடம் சேர்ந்துவிட்டது.

"சின்னது இன்னா ஓட்டம் ஓடுது பாத்தியாக்கா? பெரியவனுக்கு வேண்டிக்கினது இவளுக்குப் பலிச்சிடுச்சின்னு மாமா சொல்லிக்கினு திரியுது."

வெண்ணிலா குழந்தையின் சட்டைக் கையை ஏற்றிவிட்டு, ரத்தம் எடுக்கும் ஊசியின் உறையைப் பிரித்தாள்.

"சும்மா டெஸ்ட்டுதானே? இவளுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

பார்த்துச் சொல்கிறேன் என்றால் போதும். பாக்யலட்சுமியே குழந்தையின் கையைப் பிடித்துக் கொடுப்பாள்.

"இருக்குது பாக்கியம்," என்றாள் வெண்ணிலா. "நடக்கிறதப் பாத்தாலே தெரியுது."

பாக்யலட்சுமி குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இன்னாத்துக்கு சிரிச்ச?"

வெண்ணிலாவுக்குப் புரியவில்லை.

"இவ ஓடியாரச்சே நீ சிரிச்சியே. அதப் பாத்துதாங்க்கா எனக்கு உசுரே வந்துச்சி."

பொய் வாய்வரை வந்தது. அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "இன்னொரு பிள்ள கெடைச்சா எங்க வேல முடியும். அதான்."

வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்த கோழியை அபிதா சூ சூ என்று விரட்டினாள்.

"இந்த ரத்தம் எம் பசங்களுக்கு ஒதவுமா?"

"இவங்களுக்குன்னு சொல்ல முடியாது. பின்னால வர்றவங்களுக்கு."

பாக்யலட்சுமி குழந்தையின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"ரத்தம் தரேன். நீ எடுக்க வேணாம். வேற யாரையாச்சும் அனுப்பு."

வெண்ணிலா ஊசியைப் பையில் வைத்து மூடினாள். சாப்பிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை.