கூசிலஹ்தியில் வளர்ந்த பேருந்து

ஏரிக்கரை ஊரான கூசிலஹ்தியின் ஒரே பேருந்து ஒவ்வொரு கோடையிலும் ஒரு முழம் வளர்ந்தது. வெண்ணெய் விலை ஏறிய ஆண்டில்தான் இது தொடங்கியது; ஊரில் வெண்ணெயைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஏரியில் பனிக்கட்டி உருகியதும் வண்டியின் பின்பக்கம் லேசாகப் புடைக்கும். கோடைத் திருவிழாவுக்குள் ஒரு சன்னல் முழுதாக வந்துவிடும். ஆகஸ்டில் அதை ஒட்டி ஒரு வரிசை இருக்கை முளைக்கும். முளைத்த புதிதில் உறை இளம்பச்சையாக இருக்கும், போகப்போக மற்றவற்றைப் போல நீலமாகிவிடும். குளிர்காலத்தில் வளர்ச்சி கிடையாது.

இதற்குக் காரணமானவள் மர ஆராய்ச்சியாளர் ஹெல்லேவி. மூடிப்போன பிளைவுட் ஆலையின் ஒரு மூலையில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தாள். மரத்தூளையும் பிர்ச் மரத்தின் பட்டையையும் காற்றுப் படாமல் சுட்டு, எழும் ஆவியைக் குளிரவைத்து எண்ணெயாக்கி, அதில் வண்டி ஓட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவள். அந்த எண்ணெய் அவளைப் பல வருடம் படாதபாடு படுத்தியது. காடியைப் போலப் புளித்தது, குழாய்களை அரித்தது, பீப்பாயில் வைத்தால் களியாக இறுகிப்போனது. தலைநகரத்து ஆய்வுக்கூடங்கள் அதைக் கடும் சூட்டில் அடக்கின. ஹெல்லேவியின் பழைய கொதிகலன் அவ்வளவு சூட்டைத் தாங்காது. எனவே அவள் இளஞ்சூட்டில், குழந்தைக்குக் கஞ்சி வைப்பதைப் போல, வாரக்கணக்கில் காய்ச்சினாள். ஒருநாள் எண்ணெய் தெளிந்து வந்தது. மரத்தின் உயிரும் முழுக்கப் போகாமல் அதில் தங்கியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நகராட்சி தன் பேருந்தைச் சோதனைக்குக் கொடுத்தது. ஓட்டுநர் இல்போ மனைவியை இழந்தவன், பேச்சில் கஞ்சன். புது எண்ணெயில் ஓடிய வண்டியின் புகை, சுட்ட மீனைப் போல மணத்தது. ஏறியவர்கள் எல்லாரும் பசியோடு இறங்கினார்கள், சந்தையில் தொத்திறைச்சி விற்றவன் அந்த ஆண்டே புதுப் படகு வாங்கினான். "டாக்டர், உங்க எண்ணெயால நான் ரெண்டு சுத்து பெருத்துட்டேன்" என்று மட்டும் இல்போ ஒருமுறை சொன்னான். ஹெல்லேவி தினமும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவாள். கடைசி இருக்கை வருடத்துக்கு வருடம் பின்னால் போனது, அவளும் கூடவே போனாள்.

புதிதாக வளர்ந்த இடத்தில் பெயிண்ட்டுக்கு அடியில் ஒரு சிராய் செதுக்கி அவள் நுண்ணோக்கியில் பார்த்தாள். பார்வைக்குத் தகரம், உள்ளே நெருக்கமாக மரநார். ஒரு கோடைக்கு ஒரு வளையம். நகராட்சித் தலைவி இர்மெலியிடம் சொன்னபோது, பின்வாசல் ஒன்று கூடுதலாக வந்தால் கூட்ட நேரத்துக்கு வசதிதான் என்றாள் அவள்.

ஏழெட்டு வருடம் எல்லாரும் சௌகரியமாகத்தான் இருந்தார்கள். மருந்துக்கடை முனையில்தான் சிக்கல் வந்தது. அங்கே தெரு சட்டென்று ஏரிப்பக்கம் திரும்பும். ஒரு வசந்தத்தில் வண்டியின் பின்பக்கம் மருந்துக்கடைக் கண்ணாடியைப் பெயர்த்தது. புதுக் கண்ணாடி மாட்டினார்கள், அதையும் பெயர்த்தது. நகராட்சி கூடிப் பேசியது. வளர்ந்த பாகத்தை ரம்பத்தால் அறுத்துவிடுவது, சோதனையை முடித்துக்கொள்வது, ஆய்வுக்கூடத்தின் சாவியைத் திரும்ப வாங்குவது என்று முடிவாயிற்று. வாழ்நாளெல்லாம் மரத்தை அரைத்தவள், அறுத்தவள், எரித்தவள் ஹெல்லேவி. ஆனாலும் ரம்பம் வைத்த இடத்தில் இனிப்பான நீர் கசிந்ததைப் பார்த்ததும் ரம்பக்காரனின் கையைப் பிடித்துவிட்டாள்.

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ, இர்மெலி. அந்த முனையில வண்டியைத் திருப்பிக் காட்டறேன்."

"கண்ணாடியைத் திரும்ப உடைச்சா?"

"நானே ரம்பத்தைப் பிடிக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர எப்படித் திருப்புவது என்று இன்னும் யோசிக்கவில்லை. வேறு ஊரில் வேறு வேலைக்குப் போகிற வயதில்லை; போனாலும் இந்த எண்ணெய் அங்கே இப்படிக் காயாது. ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று, ஆலை ஓடிய காலத்தில் பிர்ச் கட்டைகளை ஏடாக உரிப்பதற்கு முன்னால் ஆவியில் அவித்த கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை ஈரத்திலும் சூட்டிலும் இளகும். இளகிய மரத்தை வில்லாக வளைக்கலாம், முறியாது. இதைப் பற்றி அவளே இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறாள். இல்போவைத் தேடிப் போய்ச் சொன்னாள்.

அவன் சொன்னான்: "அப்போ வண்டியை சவுனாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்ங்கறீங்க."

"ஆமா."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு?"

திங்கட்கிழமை காலை பேருந்து ஆவிக் கொட்டகைக்குள் போனது. சவுனா என்கிற நீராவிக் குளியல் என்றால் கூசிலஹ்திக்காரர்களுக்கு அழைப்பு வேண்டியதில்லை. துண்டும் கையுமாக வந்து சேர்ந்தார்கள், சிலர் வீட்டுக் கற்களையே சுடவைத்துக் கொண்டுவந்தார்கள். கற்களை வண்டியின் நடைபாதையில் இரும்புத் தொட்டிகளில் அடுக்கி நீர் வார்த்தார்கள். குளிக்கும்போது தங்கள் முதுகில் தட்டிக்கொள்கிற, இலை உதிராத பிர்ச் கொத்துகளால் வண்டியின் முதுகையும் தட்டிக்கொடுத்தார்கள். சன்னல்கள் வியர்த்தன. இருக்கைகள் நெகிழ்ந்து கொடுத்தன. இல்போ துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, முகம் செம்பாக, வண்டியை வெளியே எடுத்தான்.

ஹெல்லேவி கடைசி இருக்கையில் இருந்தாள். மருந்துக்கடை முனையை நெருங்கும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முன்பக்கம் ஏரிப்பக்கம் திரும்பி மறைந்தது. நடுப்பக்கம், பனிச்சுமையில் இளம் பிர்ச் தலைசாய்ப்பதைப் போல, சத்தமில்லாமல் சாய்ந்து வளைந்தது. அவளுடைய சன்னல் புதுக் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நகர்ந்துபோனது. உள்ளே மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். வண்டி முனையைக் கடந்து நிமிர்ந்தபோது ஹெல்லேவி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஆவியில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

ஓரத்தில் நின்ற இர்மெலி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "திரும்பிடுச்சு" என்றாள். "கூட்டத்துல அடுத்தது என்ன, குப்பை லாரி விஷயமா?"

அதற்குப் பிறகு வண்டிக்கு வாரம் ஒரு சவுனா என்று வழக்கமாயிற்று. மனிதர்களைப் போலவே அதற்கும் சனிக்கிழமை. முன்வாசல் ஏரித்துறையில் நிற்கும்போது பின்வாசல் தேவாலயத்தில் நிற்கிற காலமும் வந்தது. அவசரக்காரர்கள் வண்டி கிளம்பக் காத்திராமல் உள்ளேயே நடந்து போய் இறங்கினார்கள். இல்போவுக்கும் ஹெல்லேவிக்கும் நடுவே பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவன் முதல் இருக்கையில் சொல்வான், அது வாய்க்கு வாய் பின்னால் போகும்.

அக்டோபரில் ஒருநாள் அவன், பிளாஸ்க்கில் காப்பி மிச்சம் இருந்தால் பங்கு கொடுப்பாளா என்று கேட்கச் சொன்னான். நாலாவது வரிசையில் அது, காப்பியைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று ஆயிற்று. நடுப்பக்கம் போவதற்குள், தினமும் காலையில் சேர்ந்து காப்பி குடிக்கலாமா என்றாயிற்று. அங்கே உட்கார்ந்திருந்த தபால்காரி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அதைப் பின்னால் அனுப்பினாள்.

கடைசி வரிசைக்கு முன்வரிசைக்காரர் திரும்பி ஹெல்லேவியிடம் சொன்னார்: "கட்டிக்கிறியான்னு கேக்கறான்."

ஹெல்லேவி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு தேவதாரு, இரண்டு தேவதாரு, மூன்று போயின.

"சரின்னு சொல்லுங்க."

அந்தப் பதில் முன்னால் போய்ச் சேரும்வரை வழியில் ஒருவரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இல்போ அதைக் கேட்டுக்கொண்டான். காப்பிக்கு இவ்வளவு பேர் எதற்காகக் கண் கலங்குகிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் காதில் விஷயத்தைச் சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் அவன் வண்டியை நிறுத்தினான். பிறகு, "அதுவும் நல்லதுதான்" என்றான். இதுவும் பின்னால் அனுப்பப்பட்டது.

கல்யாணத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டார்கள், ஊரில் வேறெங்கும் அத்தனை பேருக்கு இடமில்லை. அடுத்த கோடையில் பேருந்து வழக்கம்போல் ஒரு முழம் வளர்ந்தது. புது இருக்கையில் முதலில் யார் உட்காருவது என்பதில் மட்டும் சின்னத் தகராறு.